பால்மா டின்

இஞ்சருங்கோ,

காலமை நீங்கள் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனதும் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். உங்கள் பழைய கம்பியூட்டருக்கென்று பால்மா டின்னுக்குள் நீங்கள் செய்துகொண்டிருந்த பவர் பெட்டியைக் கண்டுவிட்டார்கள். டின்னுக்குள் வயர் என்றதும் குண்டு என்றார்கள். கம்பியூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற சாமான் என்று கெஞ்சினேன். "அப்ப போட்டுக் காட்டு" என்றான் ஒருவன். எதைப் போட்டுக் காட்ட? நீங்கள்தான் இன்னும் முடிக்கவில்லையே.

கொழும்பில் விற்கிறதை வாங்குவோம் என்று எத்தனை தரம் சொன்னனான்! "கடையிலை வாங்கினா அது கடைக்காரன்ரை. நான் செய்தாத்தான் என்ரை" என்று நியாயம் கதைத்தீர்கள்.

என் தம்பி வாகீசனைக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மாவோடு முகாம் வாசலுக்குப் போகிறேன். வீட்டைப் பூட்டின திறப்பு பக்கத்து வீட்டு யோகம்மா அக்காவிடம். சோறு குசினியில் மூடியிருக்கிறது. மீன் பொரிக்க ஏலாமல் போயிற்று.

தங்கேஸ்வரி

நீங்கள் அங்கே வரவேண்டாம். "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டார்கள். நான் வாய் திறக்க முன்னம் தம்பி "நான்தான்" என்று சொல்லிவிட்டான். பல்ப் மாற்றக்கூடத் தெரியாதவன்.