செவ்வாயன்று கைகொடுத்த echo

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? போபாலில் நான் சுகமே.

செவ்வாயன்று பள்ளி நூலகக் கணினியில், கோப்புகளைப் பட்டியலிடும் ls கட்டளையைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. உடன் வேலை பார்க்கும் சிவகிரி நாகராஜன் தலையில் கைவைத்துவிட்டார்.

"டீச்சர், மூணு வருசமா நீங்க ஏத்துன கேட்லாக்கு பூராவும் போச்சுல்லா!"

"சும்மா இரும்" என்றேன்.

ls தனியாக நிறுவப்பட்ட நிரல். கணினியின் அமைப்புக் கோப்பில், அது இருக்குமிடத்தைச் சொல்லும் வரி கெட்டிருந்தது. echo அப்படியல்ல, நாம் தட்டுவதை வாங்கும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. echo * என்றதும் (* என்றால் 'எல்லாம்') கோப்புப் பெயர்கள் அத்தனையும் வந்து நின்றன. அப்பாடா என்றிருந்தது. வரியைத் திருத்தினேன், ls கட்டளையும் திரும்பிவிட்டது.

நாகராஜன் தலைமையாசிரியையிடம் என்னைப் புகழ்ந்து தள்ளிவிட்டார். காலையில் அந்த வரியைக் கெடுத்தவளே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் அன்றே போன் செய்யுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலம் அனுப்புங்கள். ஒன்று நாகராஜனுக்கு, அதைக் கையில் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

குழல்வாய்மொழி