காசிராஜன் சொன்ன வசனம்

ராஜபாளையம், 12.8.1988

கர்த்தருக்குள் பிரியமான மனைவிக்கு,

இடக்கையால் எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதே. பிரசவத்துக்குப் போன இடத்தில் நீ நிம்மதியாக இரு. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று மில்லில் மிஷின் என் சட்டைக்கையை இழுத்தபோது வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. சபையில் வேத வசன மனப்பாடப் போட்டிக்கு வருஷந்தோறும் பரிசு வாங்கிய வாய் இது.

பக்கத்து மிஷின் காசிராஜன் அய்யனார் கோவிலுக்குப் போகிறவன். ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, நான் தினமும் வேலைக்கு நடுவே சத்தமாகச் சொல்லும் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

"பத்து வருசமாக் கேக்கேண்ணே, தன்னால உள்ள போயிருச்சு" என்றான்.

பிள்ளை பிறந்ததும் அதன் காதில் நான்தான் முதல் வசனம் சொல்ல வேண்டும் என்றாயே. காசிராஜனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவன் சொல்லட்டும்.

உன் வீட்டுக்காரன்