ஹாலிபாக்ஸ் விருந்து

மொன்றியல் துறைமுகம், 1949 மே

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் கஸ்பார் வணக்கமாய் எழுதுவது. தூத்துக்குடியில் எல்லோரும் சுகந்தானே? அப்பாவின் இருமல் நின்றதா?

சகலருக்கும் இதனால் அறிவிப்பது: கனடா தேசத்தில் என் இடது காலுறை காலமாகிவிட்டது. வலது காலுறை துக்கத்தில் இருக்கிறது.

இங்கே ஊருக்கு ஊர் மனிதர்கள் வேறு. ஹாலிபாக்ஸில் முன்பின் தெரியாதவர்களும் கையாட்டுவார்கள். மொன்றியலில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்கூட என் வணக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. ஹாலிபாக்ஸில் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று ஒரு அம்மாள் தன் வாசலில் நின்று என்னை விருந்துக்கே கூப்பிட்டாள்! கப்பல் சமையல்காரர் மரியதாஸ் அண்ணாச்சி, "ஏலே, வெள்ளைக்காரி வீட்டுல என்னத்தலே தின்ன?" என்றார். "முழுக்கோழி அண்ணாச்சி, எலும்புகூட மிச்சமில்ல" என்றேன்.

நம்மூரிலிருந்து யாராவது இந்தக் கப்பலுக்கு வேலைக்கு வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். நீங்கள் போட்டதாக இருக்கட்டும்.

தபால் வாங்க ஆள் நிற்கிறான். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், கோழி பொய். அவள் கூப்பிட்டதும் நம் வழக்கப்படி, "வேண்டாம், சாப்பிட்டாச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நம்மூர் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்டுக் கையைப் பிடித்து இழுப்பார்களே! அதை நம்பி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், அம்மா.

இந்த ஊரில் ஒரு தரம் கேட்டாலே உட்கார்ந்துவிடுவேன். கேட்கத்தான் ஆளில்லை.

கஸ்பார்