அப்பா வீட்டுப் புகைபோக்கி

ஞாயிறு, தைப்பூசம் முடிந்த வாரம்

கமுந்திங் போய் அப்பாவைப் பார்த்துட்டு வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில இல்ல.

அம்மா போனதுக்கு அப்புறம் அந்த வீட்ல அடுப்பு எரியுறதில்ல. மூணு வேளையும் கடைச் சாப்பாடுதான்னு அப்பா போன்ல சொல்லுவார். அடுப்புக்கு மேல இருக்கிற புகைபோக்கியை தீபாவளிக்கு நான்தான் கழுவி மாட்டினேன். இன்னிக்குச் சும்மா தூசி தட்டலாம்னு பில்டரைக் கழட்டினா கையெல்லாம் பிசுபிசுன்னு எண்ணெய். அடியில இருக்கிற எண்ணெய்க் கிண்ணம் நிறைஞ்சு நிக்குது. மிளகாய் அரைச்சு வதக்கின நெத்திலி சம்பால் வாசம் வேற.

"யாருப்பா சமைக்கிறது?"

"எப்பவாச்சும் மீ அவிச்சுத் திம்பேன்லா."

தண்ணியில அவிக்கிற மீ நூடுல்ஸுக்கு இவ்வளவு எண்ணெயா?

பில்டரைச் சுடுதண்ணியில ஆப்பசோடா போட்டு ஊற வச்சேன். எப்பவும் டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற மனுஷன், பக்கத்துலயே நின்னு பார்த்தார்.

"எப்படிக் கழட்டுறதுன்னு காட்டும்மா. இதுக்காக நீ ஈப்போவிலிருந்து அலைய வேணாம்."

அது அக்கறையா, இல்ல வராதேன்னு சொல்றாரா? எனக்கு வந்தது கோபமா, நிம்மதியா? ஒண்ணும் புரியல. ஒட்டிப்போயிருந்த அவர் கன்னத்துல இப்ப சதை வச்சிருக்கு.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார்.

"பில்டருக்கு மலாய்ல என்னம்மா சொல்லுவாங்க?"

"பெனாப்பிஸ்."

வாய்க்குள்ளேயே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டு உள்ளே போனார்.

அப்பா தனியா இருக்கிற அந்தத் தமிழ் வீட்டுக்குள்ள மலாய் யாருக்கு வேணும்?