செல்வினின் நத்தார் பியர்

நவம்பர் 9, சனி

காலை வெயில். பின்னேரம் மூட்டம், மழை இல்லை. குடைக் கம்பி முறிந்து இரண்டு வாரம். மருதானையில் திருத்தக் கொடுக்க வேண்டும். இன்றும் கொடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வெள்ளவத்தை, செல்வினின் கடை. கடற்கரையோரம் மூன்றாம் மாடி. பத்து மேசை, கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பெரிய எஃகுத் தாங்கி. பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றுகிறான். கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். கல்கிசை ரயில் போனால் மேசையில் குவளைகள் மெதுவாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் இருக்கலாம். இருந்தேன்.

புதுப் பியர். வழக்கம்போல முதல் குவளை எனக்கு. நாள் முழுக்கத் தேநீரை உறிஞ்சித் துப்புவது என் தொழில் என்பதால், என் நாக்குச் சொன்னால் செ.க்கு அது வேதவாக்கு. கொட்டாஞ்சேனையில் ஒரே பள்ளி வாங்கில் இருந்து படித்த காலத்தில் நான் சொன்ன எதையும் நம்பாதவன்.

"என்ன மணம், சொல்லு."

"தோடம்பழத் தோல். மாங்காய். வெட்டின புல்லு."

"வேற?"

"பிசின்."

அப்படியே கரும்பலகையில் எழுதினான். பக்கத்தில் கசப்பு எண். கடை திறந்தபோது எண் நாற்பது. இன்றைக்கு நூற்றிப் பத்து.

பிறகு என் சடங்கு. உறிஞ்சல், வாயில் சுழற்றல், வாளியில் துப்பல். ருசி பார்க்கிறவன் விழுங்குவதில்லை என்று எப்போதோ சொல்லி வைத்தேன், நல்லதாகப் போயிற்று. மூன்று மாதமாக ஒரு மிடறு உள்ளே போகவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இதோ, எழுதியும் விட்டேன். முதல் வருடம் எனக்கும் ஹொப்ஸ் பைத்தியம்தான். பியருக்குக் கசப்புக் கொடுக்கிற அந்தப் பச்சைப் பூ உருண்டைகளின் மூட்டையைத் திறந்தால் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பேன். இப்போது ஒரே கசப்புக்கு ஒன்பது பெயர். நாக்கின் அடியில் போய்க் குந்திக்கொண்டு எழும்ப மறுக்கிறது.

பக்கத்து மேசையில் அலுவலகக் கூட்டம்:

"மச்சான், இதவிட கசப்பா இல்லையா?"

"நத்தாருக்கு வருதாம்."

குவளையைப் படம் எடுத்தார்கள். நான் கடலைப் பார்த்தேன்.


நவம்பர் 11, திங்கள்

நேற்றும் செ. கூப்பிட்டான். நாலு மாதிரி. எல்லாவற்றையும் துப்பியும் கசப்பு காலைவரை கூடவே வந்தது.

வேலை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கோப்பை வரிசை. கரண்டி, உறிஞ்சல், துப்பல், அடுத்தது. நுவரெலியாக் கோப்பை ஒன்றை "வெறுமை" என்று சொல்லித் தாண்டினேன். பின்னால் வந்த தலைமை ருசிப்பாளர் அதிலேயே நின்றார்.

"மல்லி, மொனவத பிவ்வே?"

என்ன குடித்தாய் தம்பி என்று சிங்களத்தில் கேட்கிறார். அந்தக் கோப்பையில் பூ மணம் இருந்ததாம். திரும்பிப் போய் உறிஞ்சினேன். இருந்தது. மிக மெல்லியது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த மாதிரி. பதினாறு வருடத் தொழில். காது வரைக்கும் வெட்கம்.

வீட்டில் மெர்சியிடம் சொன்னேன்.

"பிடிக்காட்டி பிடிக்கேல்ல எண்டு சொல்லுங்கோவன். செல்வினைக் கலியாணமா கட்டினனீங்கள்?"

சொல்வது சுகம். அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.


நவம்பர் 15, வெள்ளி. போயா

பௌர்ணமிப் போயா என்பதால் எங்கும் மது இல்லை, செ.யின் கடையும் பூட்டு. அவனுக்கு ஓய்வு. கிறிஸ்மஸுக்குக் காய்ச்சப் போகிற நத்தார் பியர் பற்றிக் கதைக்க என்னை வரச் சொன்னான்.

ஆள் இல்லாத கடை நல்ல அழகு. கதிரைகள் மேசைகளின் மேல். கடல் வெளிச்சம் தாங்கிகளில் பட்டுக் கூரையில் அசைந்துகொண்டிருந்தது. உள்ளே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது.

செ. வழக்கம்போல ஈரத் தலையோடு. ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறான். மாப்பிள்ளை பார்க்க யாரும் வருகிறார்களா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

"நூற்றம்பது," என்றான். "இந்த ஊரில ஒருத்தனும் செய்யேல்ல. மாசக் கடைசிச் சனிக்கிழமை காய்ச்சினால் நத்தாருக்குச் சரி. உன்ட பேர்தான் போடப் போறன். ஜெரோமின் நத்தார்."

"என்ட பேர் ஏன்டா?"

"உன்ட நாக்கு இல்லாட்டி இந்தக் கடை இல்ல."

இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் தேத்தண்ணீர் கொண்டுவந்தான், பால் விட்டு. கோப்பை கிட்ட வரும்போதே மூக்குச் சுருங்கியது. திரியவில்லை, ஆனால் மணம் மாறின பால். செ. பாதி குடித்திருந்தான்.

"டேய், பால் பழுது."

கோப்பைக்குள் பார்த்தான். "அப்பிடியா? யோசனையில இருந்திட்டன்."

பள்ளிக்கு இரண்டு காலில் இரண்டு சோடிச் சப்பாத்து போட்டு வந்தவன்தானே. ஊற்றிவிட்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தோம். என் விஷயம் அப்படியே நின்றுவிட்டது.


நவம்பர் 17, ஞாயிறு

பூசை, எட்டு மணி. பிரசங்கத்தில் பாதித் தூக்கம்.

விடியற்காலைக் கனவு: வெள்ளவத்தையில் ரயில் பாதை நீளத்துக்கு வெள்ளைக் கோப்பைகள். நான் கரண்டியோடு நடக்கிறேன். எல்லாவற்றிலும் கடல் தண்ணீர், ஒவ்வொன்றும் வேறு நிறம். ரயில் வருகிறது. ஒரு கோப்பையும் சிந்தவில்லை. நான் மட்டும் எதையும் விழுங்காமல் நடந்துகொண்டே இருக்கிறேன்.

வாங்க வேண்டியவை: சவர்க்காரம், மெர்சிக்குத் தலைவலித் தைலம் (வேலை உடுப்புக்குக் கிட்ட வைக்கக் கூடாது). குடை!


நவம்பர் 20, புதன்

தேயிலை ஏலம் முடிந்து வெள்ளவத்தை. செ. பின்னால் தாங்கி கழுவிக்கொண்டிருந்தான். மேசை பார்க்கும் சுனில் தட்டோடு என்னருகில் நின்றார். தட்டில் ஏழெட்டுக் குவளை, எல்லாவற்றிலும் பாதி மிச்சம்.

"ஐயா, எல்லாரும் போட்டோ எடுக்கிறது. குடிக்கிறது இல்ல. வந்த ஆள் திரும்ப வாறதும் இல்ல. செல்வின் ஐயாகிட்ட நான் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க."

அலுப்பு எனக்கு மட்டும் இல்லை. ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லை. நூற்றம்பதைக் காய்ச்சினால் நத்தாருக்கு இந்தப் பத்து மேசையும் வெறிச்சோடும், அதன்மேல் என் பெயர் வேறு. இத்தனை நாளும் தோடம்பழத் தோல், பிசின் என்று எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

செ.க்குச் சொல்ல வேண்டியது:
- கசப்பு போதும்.
- குடிக்கிறவர்களுக்கும் போதும்.
- நான் விழுங்குவதே இல்லை. (இதைச் சொல்வதா?)
- என் பெயர் வேண்டாம்.

வாசித்துப் பார்த்தேன். கணக்காளர் கடிதம் மாதிரி. கிழிக்காமல் விடுகிறேன்.


நவம்பர் 26, செவ்வாய்

மழை மழை மழை. காலி வீதியில் முழங்கால் தண்ணீர். பஸ் இல்லை. குடை இல்லை. யாரைக் குறை சொல்ல? வீட்டுக்கு வந்தபோது சப்பாத்துக்குள் தனிக் கடல்.


நவம்பர் 28, வியாழன்

தடிமன். மூக்கு முழு அடைப்பு. ருசி அறை வாசலிலேயே தலைமை ருசிப்பாளர் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். தடிமன்காரனுக்கு அங்கே இடமில்லை.

மெர்சி மிளகு ரசம் வைத்தாள். சூடும் எரிவும் மட்டும். பேக்கரிப் பாண் வாயில் ஈரப் பஞ்சு. தேநீர் சுடுதண்ணீர். படுக்கையில் கிடந்தேன். ஜன்னலில் மழை, எங்கேயோ கோயில் மணி, யாரோ மீன் விற்கிற குரல். மீன் இருக்கிறது, மணம் இல்லை. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. முதலில் இது சுகமாகக்கூட இருந்தது. பின்னேரம் ஆனபோது பயம் வந்தது. மெர்சி குனிந்து நெற்றியைத் தொட்டாள். அவள் அவள்தானா என்று ஒரு கணம் சந்தேகம்.


நவம்பர் 29, வெள்ளி

நாளைக்குக் காய்ச்சுகிறான். இன்றைக்கு விட்டால் இல்லை. மெர்சி திட்டத் திட்டப் புறப்பட்டேன். பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். மூக்கடைப்பில் எல்லாம் ஒரே மாதிரி வந்தது.

நான் கதிரையில் இருந்த உடனேயே செ. குவளையை நீட்டினான். நூற்றிப் பத்துதான். நூற்றம்பதுக்கு முன் ஒருக்கால் என் நாக்கு இதை நினைவுபடுத்திக்கொள்ளட்டுமாம். வாளி தூரத்தில் இருந்தது. எழும்பச் சோம்பல். விழுங்கினேன்.

கசப்பு.

இரண்டு நாளில் என் வாய்க்குள் வந்த முதல் விஷயம். மற்றதெல்லாம் பஞ்சும் சுடுதண்ணீரும். இது மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. இன்னொரு மிடறு. இன்னொன்று. முழுக் குவளையும் முடித்தேன்.

"இண்டைக்கு நல்லா இருக்கடா," என்றேன். "தடிமன். வேற ஒண்டுமே தெரியேல்ல. இது மட்டும்தான் தெரியுது."

செ. மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"எனக்கு ரெண்டு வருசமா அப்பிடித்தான்," என்றான்.

அப்போது வந்த ஒரு காய்ச்சலோடு போன மணம், திரும்பி வரவில்லை. முதலில் ஒரு மாதம் என்று நினைத்தானாம். பிறகு நத்தாருக்குள் வந்துவிடும் என்று. ஹொப்ஸைக் கூட்டக் கூட்ட நாக்கில் ஏதோ தெரிந்தது, அதனால் கூட்டிக்கொண்டே போனான். வேர்வை மணக்குதோ என்று தெரியாததால் மூன்று குளியல்.

"வீட்டில தெரியுமா?"

"இல்ல. மூக்கில்லாதவன் வடிக்கிற பியரை ஆர் குடிப்பான், சொல்லு."

பழுதான பால் என் முன்னால் வந்து நின்றது. நூறு கோப்பைக்குள் ஒரு பூவைத் தேடுகிறவன் நான். இரண்டு வருடமாக எதிரில் இருந்து "என்ன மணம், சொல்லு" என்று கேட்டவனை ஒரு தரம்கூட ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி நான்.

பிறகு என்னுடையதையும் சொன்னேன். மூன்று மாதமாக விழுங்கவில்லை. அலுத்துவிட்டது. சுனிலின் பாதிக் குவளைகள். எல்லாம்.

என் வெறும் குவளையை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"அப்ப ரெண்டு பேரும் கள்ளர்," என்றான்.


நவம்பர் 30, சனி

காய்ச்சினோம். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு கதிரையில், செ. ஏணியில். ஆவி கண்ணாடியெல்லாம் மூடிக் கடல் காணாமல் போயிற்று. நேரம் வந்ததும் ஹொப்ஸ் மூட்டையைத் திறந்தான். கையால் ஒரு பிடி அள்ளினான். என்னைப் பார்த்தான்.

"போதுமா?"

"போதும்."

மூட்டையைக் கட்டினான். கட்டியபின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவன் விட்டுக்கொடுப்பது என்ன என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தடிமன் சாட்டில் கண்ணைத் துடைத்தேன்.


டிசம்பர் 4, புதன்

மூக்குத் திறந்தது! கொட்டாஞ்சேனைச் சந்தி, கருவாட்டுக் கடை வாசல். நின்று மூச்சு இழுத்தேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். வெட்கத்துக்குக் கொஞ்சம் நெத்தலி வாங்கினேன்.

செ. வீட்டில் சொல்லிவிட்டானாம். சுனிலிடமும். வைத்தியரிடம் போகச் சம்மதம், என்னோடு என்றால்.

குடை திருத்தியாயிற்று. மழை விட்டுவிட்டது.


டிசம்பர் 14, சனி. போயா

மறுபடி பூட்டிய கடை, மேசைமேல் கதிரைகள். கூரையில் அதே வெளிச்சம். நத்தார் பியர் முதல் குவளை. வெளிர் பொன் நிறம். வாளியைச் சுனில் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டார்.

விழுங்கினேன்.

"என்ன மணம், சொல்லு."

"பாண். ஓரம் சிவந்த பாண். கொஞ்சம் தேன். காய்ஞ்ச வைக்கோல்."

"வேற?"

"அவ்வளவுதான்."

பலகையில் எழுதினான். எண் இருபது. பெயர் யாருடையதும் இல்லை, வெறும் நத்தார். பிறகு தானும் ஒரு மிடறு எடுத்து வாயில் வைத்திருந்தான்.

"எனக்கு இது நுரைத் தண்ணி," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பிப் போய்ப் பழைய நூற்றிப் பத்தில் ஒரு குவளை நானே ஊற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைக் குடித்தான், நான் என்னுடையதை.

கல்கிசை ரயில் போனது. இரண்டு குவளையும் நடுங்கின.

"கடல் இண்டைக்கு மணக்குதா?"

"ஓம்."

"எப்பிடி?"

கதிரையை அவன் பக்கம் இழுத்தேன். உப்பு என்றேன். ஈரக் கயிறு. ரயில் விட்டுப்போன டீசல். கீழே யாரோ மீன் பொரிக்கிறார்கள்.

கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"என்ன மீன்?"