முன்சுவருக்குக் கல் வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சார்ஜாவிலிருந்து கலைச்செல்வன் வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? நான் நலம்.

வீட்டு முன்சுவருக்குக் கல் ஒட்டலாமா, டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். சிமெண்ட் பூசி வெள்ளையடித்தால் போதும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் நம் வீடே குலுங்குகிறது. அந்தச் சுவரடியில்தான் அம்மா கடலை உடைக்கிறாள்.

இங்கே செவ்வாயன்று ஒரு சின்ன விபத்து. நான்காம் மாடிச் சுவரில் ஒட்டியிருந்த கல் ஒன்று பெயர்ந்து, கீழே நின்ற, என்னோடு வேலை செய்யும் லப்பைக்குடிக்காட்டு சாதிக்கின் தோளைப் பிளந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "கம்பி கட்டாம வெறும் பசையில ஒட்டுனவன் எவன்டா?" என்று கத்தினார் ஜெயங்கொண்டத்து மேஸ்திரி. கையிலிருந்த கொத்துக்கரண்டியால் அவர் வாயிலேயே அடித்தேன். இரண்டு பல் தெறித்து விழுந்தன. மற்றபடி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

வெடி வைக்கும் நேரத்தில் தங்கச்சி ஆர்த்தியைப் போன் போடச் சொல்லுங்கள். சுவர் எவ்வளவு அதிர்கிறது என்று கேட்கவேண்டும். அம்மா கடலை உடைக்கிற சத்தமும் கேட்டால் நல்லது.

சாதிக்கை ஊருக்கு அழைத்து வரும் அவன் அண்ணன்தான் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார். டாக்ஸி வந்துவிட்டது. அவரை உட்காரவைத்துச் சோறு போடுங்கள். கம்பி கட்டாமல் அந்தக் கல்லை ஒட்டியவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

கலைச்செல்வன்