தொப்பை விளம்பரமும் சனிக்கிழமைத் தண்ணீரும்

ஆவணி 16, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர், கலங்கலாக. போன வருஷம் இதே நேரத்தில் கணுக்கால்கூட நனையவில்லை. மாமனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வேலைகள்: முறைப் பட்டியல். கேஸ் சிலிண்டர் பதிவு. மில்லில் கொடுத்த மிளகாய்த்தூள்.

புதிதாகக் குத்தகைக்கு வந்திருப்பவர் போன் செய்து தண்ணீர் முறை எப்படி என்று கேட்டார். விளக்கினேன். வாய்க்காலுக்கு மொத்தம் பதினோரு பேர், மேலே உள்ளவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று பேராக. தலைமடையில் ஆரம்பித்துக் கீழே வரும். வெள்ளி எங்களுக்கு, சனி எங்களுக்குக் கீழே கடைசியில் இருக்கும் ஜலீல் பாய்க்கு. சனி மத்தியானத்தோடு வாய்க்காலை அடைத்துவிட்டு, திங்கள்தான் திறப்பார்கள். தண்ணீர் வேண்டாதவர் என்னிடம் சொல்லிவிட்டால் அந்த வாரம் பெயர் எழுத மாட்டேன். பெயர் இல்லையென்றால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், மேல்வயல்காரர் தன் மடையை அடைக்காமல் வைத்துக்கொள்ளலாம். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான். ஆனால் இதற்குத்தான் மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்பார்கள்.

மூன்று வருஷமாகப் பட்டியல் என் பொறுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கொடுத்தார்கள். வாங்கியதும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டேன். வீட்டுக்காரர் போன முறை மஸ்கட்டிலிருந்து வந்தபோது திருத்துறைப்பூண்டியில் வாங்கிக் கொடுத்த பழைய பெட்டி. சும்மா தூசி படிய விடுவானேன்.

இன்று அது படுத்திய பாடு. பிரவுசரைத் திறந்தால் என் பக்கம் இல்லை, ஊர் பேர் தெரியாத ஏதோ தேடல் பக்கம். மூலையில் டிங், டிங். உங்கள் கம்ப்யூட்டரில் 13 வைரஸ். முழங்கால் வலியா. தஞ்சாவூரில் ஒரு பெண் உங்களுக்காகக் காத்திருக்கிறாள். காத்திருக்கட்டும், எனக்கு மிளகாய்த்தூள் வாங்க வேண்டும். பட்டியலை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸப் குழுவில் போடும் ஆசையில் போன வாரம் ஏதோ இலவசத்தை இறக்கினேன். அன்றிலிருந்து இந்தக் கூத்து. பி.டி.எஃப். மட்டும் வரவே இல்லை.

பட்டியல் இருப்பது இணையப் பக்கத்தில். அங்கிருந்தே பிரிண்ட் கொடுத்தேன். குக்கர் மூன்றாவது விசில். தாளைப் பார்க்காமலே மாமனாரிடம் நீட்டினேன். கண்ணாடி போடாமலே கொண்டுபோய் டீக்கடைத் தூணில் ஒட்டிவிட்டு வந்தார். நல்ல ஜோடி நாங்கள்.

ஆவணி 17, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை.

பால்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார். "ஏங்க்கா, தண்ணிக்குத்தான் முறை வப்பாங்க. இப்ப தொப்பைக்கும் வச்சிட்டீங்களா?"

புரியவில்லை. டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். தாளின் அடியில் பட்டையாக ஒரு விளம்பரம், ஒரு ஆளின் வயிறு, பக்கத்தில் 'ஏழே நாளில் தொப்பை கரையும்'. அதற்கு மேலே எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையாக, சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தவர்கள் மாதிரி. முதல் பெயர் தலைமடைக்காரர், அவர் வயிறு ஊரறிந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. எனக்கும்தான்.

வேறு தாள் ஒட்டட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும், டீ நன்றாக ஓடுகிறது என்றார் கடைக்காரர். விட்டுவிட்டேன்.

ஆவணி 19, வியாழன்

வெயில். வடகம் காய வைத்தேன்.

நேற்று வீட்டுக்காரர் போனில். கம்ப்யூட்டர் கதையைச் சொன்னதும் அங்கிருந்தே வைத்தியம்: கிளீனர் என்று ஏதாவது இருக்கும், போட்டுத் துடைத்துவிடு. இன்று தேடினேன். பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அக்ரீ.

இப்போது நிலவரம்:
தேடல் பக்கம் இரண்டு, ஒன்றோடொன்று போட்டி.
திரையில் யாரும் கேட்காத கடிகாரம். பத்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது.
பெட்டியில் 417 கோளாறு என்கிறது கிளீனர். சரிசெய்ய ஏ.டி.எம். கார்டு நம்பர் கேட்கிறது. கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

திருடனைப் பிடிக்க வந்தவனுக்கும் சேர்த்து நானே சோறு போடுகிறேன்.

யோசித்தால் குற்றம் என் வளர்ப்பில். வாசலில் வந்து நின்று கேட்பவரிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லை. அலவ் பண்ணட்டுமா என்றால் சரி. அக்ரீயா என்றால் அதற்கும் சரி. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லாததுதான் பாக்கி.

ஆவணி 20, வெள்ளி

எங்கள் முறை. விடியும்போதே மாமனார் மடை திறந்துவிட்டார். வயல் முழுக்கத் தண்ணீர், நடுவில் கொக்கு. யூரியா போட்டார். மத்தியானம் இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வந்து, நாளைக்குப் பட்டியலில் யாரும் இல்லை, மடையை அடைக்காமல் வந்துவிட்டேன் என்றார். பாய் பெயரை எழுதினேனே என்று ஒரு கணம் தோன்றியது. பாய் முத்துப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், போகும்போது மாமனாரிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். தோசைக்கு அரைக்க வேண்டியிருந்தது.

வடகம் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

ஆவணி 21, சனி

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் ஜலீல் பாய் வாசலில். கையில் இன்னும் பயணப் பை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வயலுக்குப் போயிருக்கிறார். பதினான்கு நாள் நாற்று, நாற்றங்கால் வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும், வாய்க்காலை விட்டால் வேறு கதி கிடையாது. இன்னும் இரண்டு வெயில் அடித்தால் நாற்று போச்சு. நாற்று போனால் இந்த வருஷம் அவருக்குச் சம்பா இல்லை.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஏம்மா வசந்தா, நான் வேணாம்னு சொல்லவே இல்லயேம்மா."

மாமனாரைப் பார்த்தேன். அவரிடமும் பாய் எதுவும் சொல்லவில்லை. மூவருமாக டீக்கடைக்குப் போனோம். தாள் அப்படியே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த வயிற்றுப் பட்டைக்கு மேலே, மயிரிழை அளவுக்கு, ஒரு வரியின் எழுத்துகளுடைய தலை மட்டும். ஜலீல் பாய், சனி. ஐந்து நாளாக ஊரே பார்த்துச் சிரித்த தாள். அடியில் ஒரு மனிதர் இருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பெஞ்சில் யாரோ, முகம் பார்க்கவில்லை: "எழுதுற கையிலயே தண்ணியும் இருந்தா, அப்புறம் என்ன."

பாய் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார். பேச்சு நின்றது. ஆனால் எனக்குக் கேட்டது கேட்டதுதான். இனி வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றும் ஒரு குரல். நாளை மறுநாள் பட்டியல் ஒட்டும்போது பேசிக்கொள்வோம் என்று முடிந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். பெயரை மறைத்தது விளம்பரம். நேற்று மனதில் தட்டியும் ஒரு போன் போட்டுக் கேட்காமல் இருந்தது நான். சும்மா வந்த தண்ணீர் கசக்கவில்லை, அதுதான் உண்மை. இலவசம் என்றால் எல்லா இடத்திலும் நான் இப்படித்தான் போலிருக்கிறது.

இருட்டுவதற்குள் பாய் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். உட்கார்ந்து டீ குடி என்றார். குடித்தேன். சர்க்கரை தூக்கல்.

ஆவணி 22, ஞாயிறு

வாய்க்கால் அடைப்பு. பாய்க்கு வர வேண்டிய தண்ணீர் எங்கள் வயலில் நிற்கிறது. அவர் வயல் நேர் கீழே. நடுவில் ஒரே ஒரு வரப்பு.

வரப்பை வெட்டிவிடலாம் மாமா என்றேன். "முந்தாநேத்துதான் யூரியா போட்டேன். தண்ணியோட அதுவும்ல சேந்து போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவரே வெட்டினார், நான் நினைத்ததை விட அகலமாக.

பத்து மணிக்குள் நாற்றங்காலில் தண்ணீர். வெடிப்புக்குள் இறங்கும்போது குடுகுடுவென்று சத்தம். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"உரத்தோட தண்ணி. இப்படின்னா மாசத்துக்கு ஒரு தடவ என் பேர மறைச்சிடும்மா."

மாமனார்கூடச் சிரித்துவிட்டார். எனக்குத் திரும்ப அழுகை, ஆனால் வேறு மாதிரி.

சாப்பாட்டுக்குப் பிறகு பாயின் மருமகள் ரஷீதா வந்தாள். கல்யாணத்துக்கு முன் ஷார்ஜாவில் ஒரு கம்பெனி ஆபீசில் நான்கு வருஷம் வேலை பார்த்தவள். "எங்க மாமாவ மறைச்சது எதுன்னு பாக்கணும்க்கா" என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். செய்ததைக் குறித்துக்கொள்கிறேன், மறந்துபோகும்:

1. முதலில் புரோகிராம் பட்டியல். தேதி வாரியாக. அந்த பி.டி.எஃப். சாமானோடு அதே நாளில் நான் கூப்பிடாத மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். அன்இன்ஸ்டால். கிளீனர், கடிகாரம், அவற்றோடு வந்ததுகளும். கிளீனர் போகமாட்டேன் என்று இரண்டு முறை கெஞ்சியது. ரஷீதாவுக்கு இரக்கமே இல்லை.
2. பிரவுசருக்குள் எக்ஸ்டென்ஷன். இதுதான் தொப்பைக்காரன். எந்தப் பக்கம் திறந்தாலும் அடியில் ஒட்டிக்கொள்வது இவன் வேலை, பிரிண்ட் எடுத்தாலும் விடவில்லை. நீக்கம்.
3. நோட்டிபிகேஷன். இருபத்திரண்டு பேருக்கு அலவ் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்தோம்.
4. முதல் பக்கம், தேடல் பக்கம் பழையபடி.
5. கம்ப்யூட்டரோடு வந்த பாதுகாப்பு ஸ்கேன், முழுசாக. ஒன்றரை மணி நேரம். அதற்குள் வடகம் பொரித்தேன்.

இனிமேல்: எதுவானாலும் அதைச் செய்தவர்களுடைய சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும். பெரிய பச்சைப் பொத்தானை நம்பாதே. வைரஸ் என்று தானாக வந்து கத்துவதைத் தொடாதே. நெக்ஸ்ட் அமுக்கும் முன் சின்ன எழுத்தைப் படி, டிக்கை எடு.

பி.டி.எஃப். ஆக்க எதையும் இறக்கவே வேண்டியதில்லையாம். பிரிண்ட் கொடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. மூன்று வருஷமாக என் மூக்குக்குக் கீழே. தலையில் அடித்துக்கொண்டேன்.

"வேணாம்னு சொன்னா அது கோவிச்சுக்காதுக்கா" என்றாள் ரஷீதா போகும்போது. அரைக் கிலோ வடகம் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், நான் கோபித்துக்கொள்வேன் என்று தெரியும், வாங்கிக்கொண்டாள்.

ஆவணி 23, திங்கள்

லேசாகத் தூறல், உடனே நின்றது.

பெட்டி திறந்தது, என் பக்கம் வந்தது. டிங் இல்லை. வீடு நிறைய விருந்தாளி இருந்து கிளம்பிப் போன மறுநாள் மாதிரி. காது ஒரு நிமிஷம் அதைத் தேடியது என்பதையும் எழுதி வைக்கிறேன், வெட்கக்கேடு.

பட்டியல் அடித்தேன். நாட்கள் பழையபடிதான். வரிசையை மட்டும் மாற்றினேன். பிரிண்ட் எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் படித்தேன். இரண்டு தடவை. குழுவில் பி.டி.எஃப். போட்டேன். தலைமடைக்காரர் உடனே பதில்: தொப்பை எங்கே?

தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர், பாயும். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்ற பேச்சு நிச்சயம் வரும் என்று தெரியும். நடந்ததைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை கேட்காமல் விட்டதையும் சேர்த்து. பாய் கையை நீட்டித் தாளை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். முதல் வரியில் அவர் பெயர். அவசரமே இல்லாமல் கீழே வந்தார்.

"உன் முறை வெள்ளிதான? பேரு ஏம்மா கடைசில கிடக்கு?"

"இன்னொரு தடவ எதாச்சும் வந்து மறைச்சா, என் பேரே மறையட்டும் பாய்."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். பசைக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். பழைய தாளைக் கிழித்துவிட்டுத் தன் கையாலேயே புதியதை ஒட்டினார். நான்கு மூலையையும் அழுத்தினார். கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் இன்னொரு தடவை.